பெயரைத் தேடித் தரும் மஞ்சள் தொப்பிகள்: வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவரில் முன்னாள் படைவீரர்களின் சேவை

வாஷிங்டனுக்குச் சென்று வந்தவர்கள் எழுதும் மதிப்புரைகளில் வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. கருங்கல்லின் பளபளப்பையும், அதில் தெரியும் தங்கள் முகத்தையும், லிங்கன் நினைவகத்திலிருந்து அங்கே நடந்து வர ஆகும் நேரத்தையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவரை விடியற்காலையில் கழுவுகிறவர்களையும், பகல் முழுவதும் அதன் ஓரத்தில் நின்று வருகிறவர்களுக்குப் பெயர் தேடிக் கொடுக்கிறவர்களையும் பற்றி ஒரு வரிக்கு மேல் நான் எங்கும் படித்ததில்லை. அவர்களில் பலர் அதே போரில் பங்கெடுத்துத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள். சம்பளம் கிடையாது. அவர்களுடைய சேவையை நேரில் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பேருந்துச் சுற்றுலாவில் முதன்முறையாக அங்கே போயிருந்தேன். அந்தச் சுற்றுலாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்தது 15 நிமிடம். இறங்கினோம், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தோம், படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம். பெயர்கள் எந்த வரிசையில் உள்ளன, பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறிகள் எதற்காக என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மஞ்சள் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் தடித்த புத்தகத்துடன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த நினைவு இருக்கிறது. அவர் எதையோ விற்கிறார் என்று நினைத்து விலகிப் போனேன். அன்று அப்படி விலகிப் போனதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இந்த முறை எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் மூதாட்டியின் தம்பி 1968 அக்டோபரில் வியட்நாமில் இறந்தவர். சுவரில் அவர் பெயர் இருக்கிறது என்று தெரிந்தும், நடக்க முடியாத காரணத்தால் மூதாட்டி அதைப் பார்த்ததே இல்லை. நான் வாஷிங்டன் போகிறேன் என்று தெரிந்தவுடன் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, தம்பியின் பெயரைப் படியெடுத்து வரும்படி கேட்டுக்கொண்டார். சீட்டில் பெயரும், பிறந்த தேதியும், ஊரும் இருந்தன. பெயர் மட்டும் போதாதா என்று நான் மனத்துக்குள் எண்ணியது உண்மை. போதாது என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். நினைவிடம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டம் சேர்வதற்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்பே அங்கே இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். வாளிகள், நீண்ட கைப்பிடி போட்ட மென்மையான பிரஷ்கள், புல்லின் மேல் பாம்பு போலக் கிடந்த தண்ணீர்க் குழாய். வசந்தத்தில் தொடங்கிக் குளிர் வரும் வரை, வார இறுதி விடியற்காலைகளில் முன்னாள் படைவீரர் குழுக்களும் மற்றத் தன்னார்வக் குழுக்களும் முறை வைத்துக்கொண்டு இந்தச் சுவரைக் கழுவுகின்றன. இடத்தை நிர்வகிக்கும் தேசியப் பூங்காச் சேவையின் அனுமதியோடு இது நடக்கிறது.

கழுவுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்ததில், அது முழுக்க முழுக்கப் பழகிய கைகளின் வேலை என்று தெரிந்துகொண்டேன். சுவரடியில் பார்வையாளர்கள் வைத்துவிட்டுப் போன பூக்கள், கடிதங்கள், சிறு கொடிகள் எல்லாவற்றையும் நனையாத தூரத்துக்கு நகர்த்திய பிறகே குழாயைத் திறந்தார்கள். முதலில் வெறும் தண்ணீர், அடுத்து சோப்புத் தண்ணீர், அதன் பிறகு பிரஷ், கடைசியில் மறுபடியும் தண்ணீர். ஆயிரக்கணக்கான விரல்கள் தினமும் தொட்டுத் தடவும் கல் இது. விரலின் எண்ணெய்ப் பசையும், மரங்களின் மகரந்தத் தூளும், பறவைகளின் எச்சமும் படிந்து அது மங்கிவிடுகிறது. எழுத்துகள் கல்லில் பள்ளமாகப் பொறிக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை அங்குல உயரம். அந்தப் பள்ளத்துக்குள் தங்கும் அழுக்கு எடுக்கப்பட வேண்டும், அதே நேரத்தில் கல்லின் மெருகில் கீறல் விழக்கூடாது. அவசரப்படுகிறவர்களால் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

ஒரு காட்சியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டவுடன் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. காய்ந்திருக்கும்போது கருமையான பரப்பில் சாம்பல் நிறமாகத் தெரியும் எழுத்துகள், நனைந்ததும் சுற்றியுள்ள கல்லின் கருமையோடு ஒன்றாகிவிடுகின்றன. ஒரு முழுக் கற்பலகையும் வெறும் கறுப்புக் கண்ணாடியாக நிற்கிறது. பிறகு காற்றுப் பட்டுக் காயக் காய, ஓர் ஓரத்திலிருந்து ஒவ்வொரு பெயராகத் திரும்பி வருகிறது. பிரஷ் பிடித்திருந்த பெரியவர்களில் இரண்டு மூன்று பேர், தங்கள் பகுதியைக் கழுவி முடித்த பின்னும் அடுத்த பலகைக்கு நகராமல், பெயர்கள் திரும்பி வரும் வரை அங்கேயே நின்றார்கள். நடுகல்லை நீராட்டி வணங்கிய மரபில் வந்த நமக்கு அவர்கள் நின்ற நிலையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் இவர்களுடைய சேவையின் அளவு புரியும். இந்த நினைவிடத்தைக் கட்ட வேண்டும் என்று 1979-இல் முயற்சி தொடங்கியவரே போரில் காயம்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற படைவீரர்தான். நிலத்தை அமெரிக்க நாடாளுமன்றம் வழங்கியது. கட்டுவதற்கான ஏறத்தாழ 84 லட்சம் டாலர் பொதுமக்களிடமிருந்தும் தனியார் அமைப்புகளிடமிருந்தும் நன்கொடையாக வந்தது. வடிவமைப்புப் போட்டிக்கு வந்த 1,421 வரைவுகளிலிருந்து, அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின்னின் வரைவு தேர்வானது. 1982 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டபோது 57,939 பெயர்கள் இருந்தன. பின்னர் சேர்க்கப்பட்டவற்றையும் கூட்டினால் இன்று 58,000-க்கும் மேல். கல் பெங்களூருப் பகுதியிலிருந்து போனது. அதை வெர்மான்ட் மாநிலத்தின் பாரி நகரில் அறுத்து, டென்னசியின் மெம்பிஸ் நகரில் எழுத்துப் பொறித்து, வாஷிங்டனில் நிறுத்தியிருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து போன கல்லை அந்த முதியவர்கள் அவ்வளவு மென்மையாகத் தேய்ப்பதைப் பார்த்தபோது, எனக்கு ஒரு தனி நெருக்கம் உண்டானது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கழுவியவர்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, காலை நன்றாக ஏறியதும், மஞ்சள் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். என் துண்டுச் சீட்டை நான் நீட்டிய முதியவர் வாங்கிப் படித்துவிட்டு, பிறந்த தேதியும் ஊரும் எழுதியிருப்பதைப் பார்த்து நன்றி சொன்னார். அதே பெயரில் சுவரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருக்கலாம் என்றும், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்து வேறு ஒருவருடைய பெயரைப் படியெடுத்துப் போனவர்கள் உண்டு என்றும் சொன்னார். பெயர்ப் பட்டியல் புத்தகத்தில் அகர வரிசையில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, சொந்த ஊர், அதன் பிறகு பலகை எண்ணும் வரி எண்ணும் தரப்பட்டிருக்கின்றன. அவர் ஒரு விரலால் சீட்டிலிருந்த தேதியையும் மறு விரலால் புத்தகத்திலிருந்த தேதியையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். ஊரையும் ஒப்பிட்டார். அதற்குப் பிறகே பலகை எண்ணைச் சொன்னார். வங்கியில்கூட என் பெயரை யாரும் இவ்வளவு கவனமாகச் சரிபார்த்ததில்லை.

பெயர்கள் அகர வரிசையில் இல்லாதது பலருக்குக் குழப்பம் தருகிறது. அவை இறந்த நாளின் வரிசையில் உள்ளன, அதுதான் இந்தச் சுவரின் உயிர். சுவரின் இரண்டு கைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 247 அடி நீளம். அவை சந்திக்கும் உயரமான மூலையில் 1959-இல் பெயர்கள் தொடங்கி, கிழக்குக் கையின் கடைசிப் பலகையில் 1968 மே 25 வரை வந்து நிற்கின்றன. அங்கிருந்து மேற்குக் கையின் தாழ்ந்த முனைக்குப் போய் மறுபடி தொடங்கி, 1975-இல் அதே மூலைக்கு வந்து முடிகின்றன. எனவே முதலில் இறந்தவரும் கடைசியில் இறந்தவரும் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் இருக்கிறார்கள். பலகைகளுக்கு ஒவ்வொரு கையிலும் 1 முதல் 70 வரை எண்கள், அவை அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. 1968 அக்டோபர் என்பதால் நாங்கள் மேற்குக் கைக்கு நடந்தோம்.

போகும் வழியில் அவர் காட்டிய ஒன்றை இனி அந்தச் சுவர் முன் நிற்கும் எவரும் தவறவிடக்கூடாது என்று விரும்புகிறேன். ஒரே நாளில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும் தங்களுக்குள் அகர வரிசையில் இருக்கின்றன. குடும்பப் பெயரின் முதல் எழுத்து 'ஏ'-யில் தொடங்கி 'டபிள்யூ', 'இசட்' என்று போய், திடீரென மறுபடி 'ஏ'-க்குத் திரும்பினால் அங்கே ஒரு நாள் முடிந்து மறுநாள் பிறந்திருக்கிறது. தேதி எங்கும் எழுதப்படவில்லை, எழுத்துதான் தேதி. சில நாள்கள் இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன. தென் வியட்நாம் நகரங்கள் மீது வட வியட்நாம் தரப்பு நடத்திய டெட் தாக்குதல் உச்சத்தில் இருந்த 1968 ஜனவரி 31 அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்த ஒரு நாளின் அகர வரிசை வரிக்கு வரியாக நீண்டுகொண்டே போகிறது. இதைப் பத்து நூல் படித்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். அவர் விரலை வைத்துக் காட்டியதால் கண்ணில் பட்டது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி உண்டு. சாய்சதுரம் என்றால் இறப்பு உறுதி செய்யப்பட்டது, கூட்டல் குறி என்றால் காணாமல் போனவர். காணாமல் போனவரின் எச்சங்கள் பின்னாளில் கிடைத்து அடையாளம் காணப்பட்டால், கூட்டல் குறியின் மேல் சாய்சதுரம் செதுக்கப்படுகிறது. உயிரோடு திரும்பி வந்தால் கூட்டல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வட்டம் இதுவரை ஒருவருக்கும் போடப்படவில்லை. இதைச் சொன்னபோது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துச் சொன்னார்.

மூதாட்டியின் தம்பி பெயர் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்களே, ஏறக்குறைய அதே முறைதான், மைக்குப் பதிலாகப் பென்சில். தன்னார்வலர்களே தாளும் பென்சிலும் தருகிறார்கள். எழுபதைக் கடந்த அந்த மனிதர் ஒரு சிறிய மெத்தைத் துண்டைத் தரையில் போட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக மண்டியிட்டார். வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்றேன். தாள் நகர்ந்தால் எழுத்து இரட்டையாக விழும், பிடிப்பதற்கு இரண்டு கை வேண்டும், நீங்கள் தேயுங்கள் என்றார். அவர் தாளின் இரு ஓரங்களையும் கட்டை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பென்சிலைக் கூர்முனையால் பயன்படுத்தாமல் படுக்க வைத்து, ஒரே திசையில், முதலில் லேசாகவும் பிறகு அழுத்தியும் தேய்த்தேன். தாள் கறுக்கக் கறுக்க எழுத்துகள் வெண்மையாக எழுந்து வந்தன. ஓர் எழுத்தின் கீழ்ப்பகுதி மங்கலாக விழுந்திருந்தது. நான் போதும் என்று நினைத்தேன், அவர் இன்னொரு தாளை எடுத்தார். இரண்டாவது படி குறையில்லாமல் வந்தது. முதலாவதை எறியாமல் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

பேச்சுக்கு இடையில், நீங்களும் அங்கே இருந்தீர்களா என்று கேட்டேன். வலப்பக்கமாக, பலகைகள் உயர்ந்துகொண்டே போகும் திசையில் கையைக் காட்டி, என்னுடைய வருடம் அங்கே என்றார். 1969 என்று புரிந்துகொண்டேன். வருடத்தை ஒரு தெருவைக் காட்டுவது போலக் கையால் காட்டிய மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் அவர் தம்மைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பண்பே அளவறிந்த இந்தப் பேச்சுதான். எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண்மணி ஒரு பலகையின் மேல் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தார். வேறொரு மஞ்சள் தொப்பிக்காரர் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில், மற்றவர்கள் அந்த வழியில் நெருக்காதபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அருகில் போகவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகே, புத்தகம் வேண்டுமா என்று கேட்டார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் முழுமையாகக் கற்றுக்கொடுக்க முடியாத பக்குவம் அது. இன்னொரு பக்கம், பள்ளிப் பிள்ளை ஒருவன், இறந்துபோன வியட்நாம்காரர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டான். அவை இங்கே இல்லை, அவர்கள் இதைவிட மிக அதிகம், பல லட்சம் பேர் என்று அங்கிருந்த தன்னார்வலர் நேராகப் பதில் சொன்னார். போரைப் புகழ்ந்தோ பழித்தோ ஒரு சொல் சேர்க்கவில்லை. பையன் சுவரின் நீளத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

சுவரடியில் மக்கள் வைத்துவிட்டுப் போகும் பொருள்களும் குப்பைக்குப் போவதில்லை. பூக்கள் போன்ற வாடும் பொருள்களைத் தவிர மற்றவற்றைப் பூங்காச் சேவையினர் சேகரித்து, மேரிலாந்திலுள்ள காப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். பதக்கங்கள், காலணிகள், பிரிக்கப்படாத கடிதங்கள் என்று இதுவரை சேர்ந்தவை 4 லட்சத்துக்கும் மேல். நான் பார்த்த அன்று ஒரு சிறிய பொம்மைக் கார் இருந்தது. கழுவும்போது அதை நகர்த்தியவர், முடிந்த பின் முன்பு இருந்த அதே பலகையின் அடியில், முன்பு பார்த்த அதே திசையைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனதைக் கவனித்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஃபாகி பாட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சுவர் தரை மட்டத்துக்குக் கீழே சரிந்து செல்லும் பாதையை ஒட்டி இருக்கிறது. பாதையில் படிகள் இல்லை, சக்கர நாற்காலி தடையின்றிப் போகும். வெயிலுக்கும் மழைக்கும் மறைவு கிடையாது. மழை நாளில் படியெடுக்க முடியாது, பெயரைப் படிப்பதே சிரமம். சேவை முழுவதும் தன்னார்வலர்களைச் சார்ந்திருப்பதால், நாம் போகும் நேரத்தில் ஒருவர் இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. வார நாள்களில் கூட்டம் குறைந்த காலை வேளை நல்லது. பெயரோடு பிறந்த தேதியையும் ஊரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உயரமான பலகையில் பெயர் இருந்தால் நீங்களாக எதன் மேலும் ஏறாதீர்கள். அதற்கென்று வைத்திருக்கும் ஏணியில் அவர்களே ஏறிப் படியெடுத்துத் தருகிறார்கள். பேருந்துச் சுற்றுலாவில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். ஒரே ஒரு பெயருக்கு எனக்கு 40 நிமிடம் ஆனது, அதில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அது அவர்கள் குறை இல்லை. அமெரிக்கப் போர்ப் படைகள் 1973-இல் வியட்நாமை விட்டு வெளியேறின. கடைசியாக அங்கே போன 18 வயது இளைஞருக்கே இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. மண்டியிட்டவர் எழுந்திருக்கும்போது நான் கை கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு நொடி தயங்கி, பிறகு பிடித்துக்கொண்டார். கழுவும் வேலைக்கு இளைஞர்கள் வருகிறார்கள், அன்றும் சிலர் இருந்தார்கள். ஆனால் வருடத்தைக் கையால் காட்டத் தெரிந்தவர்களின் இடத்துக்கு யார் வருவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. இப்போதே போய் அவர்களோடு பேசிவிடுங்கள் என்று வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

ஊருக்குத் திரும்பிய அன்று மாலையே மூதாட்டியிடம் தாளைக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார், பென்சில் கரி விரலில் ஒட்டியது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். படியெடுத்து முடித்த பிறகு மூதாட்டியைப் பற்றி நான் சொன்னபோது, அந்த மஞ்சள் தொப்பிக்காரர் ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்: சக்கர நாற்காலியைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் அக்காவின் கை தம்பியின் பெயரை எட்டும், ஏப்ரலில் ஒரு வார நாள் காலையில் அழைத்து வாருங்கள். அதையும் சொன்னேன். நாள்காட்டியை எடுத்து வரச் சொன்னார்.